நான்காம் வரிசைக்காரர்

என் கணவர் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடியவர் என்று சொன்னால் எங்கள் சனம் முதலில் சிரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஒரு அங்கிள் மாதா கோயில் வாசலில் வைத்தே கேட்டார்: “தம்பி, எங்கடை ஆக்களுக்கு ஐஸ் எண்டா ஜூசுக்குள்ள போடுறதுதானே. நீர் எப்பிடி அதுக்கு மேல ஏறி நிண்டனீர்?” என் கணவர் கோபிக்கவில்லை. தான் மோதி விழுத்தியவனையே கைகொடுத்துத் தூக்கிவிட்டு வந்த மனிதர் அவர். எங்கள் வீட்டில் கோபிக்கும் பொறுப்பு முழுவதும் என்னுடையது.

அவர் பிறந்து வளர்ந்தது ரொறன்ரோவில். அங்கே குளிர்காலம் வந்தால் பெடியள் எல்லாம் ஐஸுக்கு ஓடுவார்கள், இவரும் ஓடினார். யாழ்ப்பாணத்திலிருந்து போன தாய் தகப்பனுக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் விடியப்புறம் பிள்ளையை எழுப்பி, அவனைவிடப் பெரிய பையைக் காரில் ஏற்றி, பயிற்சிக்கு விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். முதன்முதல் அவருடைய கால்களை ஸ்கேட்டுக்குள் செருகி, கயிற்றை இறுக்கிக் கட்டி, கையைப் பிடித்து ஐஸில் இறக்கிவிட்டது மாமி. அந்தப் படம் இப்போதும் எங்கள் ஹோலில் தொங்குகிறது. மாமி சேலைக்கு மேல் தடித்த கோட் போட்டுக்கொண்டு, பிள்ளை விழப்போகிறான் என்ற பயத்தில் வாயைத் திறந்தபடி நிற்கிறா.

நான் அவரைக் கண்டது ஐஸில் அல்ல, பல் வைத்தியரின் கதிரையில். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியில் ஒரு பல் கிளினிக்கில் நான் தாதியாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு நெடுத்த ஒருவர் வந்து நின்றார். நான் அம்மாவோடு போனில் இருந்தேன். “அம்மா, பிறகு எடுக்கிறன். இஞ்ச ஒருத்தன் முன்பல்லை உடைச்சுக்கொண்டு வந்து நிக்கிறான். பாத்தா தெருச்சண்டியன் மாதிரி இருக்கு” என்றேன். துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது: “சண்டியன் இல்லை அக்கா. ஹொக்கி.” எனக்கு எங்கே போய் ஒளிப்பது என்று தெரியவில்லை. அந்த ‘அக்கா’வைச் சொல்லிச் சொல்லி எங்கள் கலியாண வீட்டில் எல்லோரும் என்னைச் சாகடித்தார்கள்.

வட அமெரிக்காவின் சின்ன லீக்குகளில் ஓடிக் களைத்து, ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று மெல்பேர்ணுக்கு விளையாட வந்தவர். இங்கேயும் ஐஸ் ஹொக்கி இருக்கிறது என்பது அந்தப் பல் உடையும் வரைக்கும் எனக்குத் தெரியாது. வந்தவர் போகவில்லை. என்னைக் கட்டினார், பக்கத்தில் ரோவில் என்ற இடத்தில் வீடு எடுத்தோம், இன்னும் சில வருடம் விளையாடினார், பிறகு ஸ்டிக்கைக் கராஜில் சாத்திவைத்துவிட்டு ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போனார். எங்களுக்கு ஒரு மகள். அவள் ஐஸ் பக்கமே போகவில்லை, பந்தை வளையத்துக்குள் போடுகிற நெற்போல்தான். சனிக்கிழமைகளில் அவளை மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் கூட்டிவருவதும் அவர். அதில் எனக்குப் பங்கு கிடையாது. காருக்குள் இரண்டு பேரும் என்ன கதைப்பார்கள் என்று கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

அவருடைய விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முன்கள ஆட்டக்காரர்கள் மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. முதல் வரிசைக்காரர்கள் கோல் அடிப்பார்கள், அவர்களுடைய பெயரை முதுகில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் திரிவார்கள். என் கணவர் நான்காம் வரிசை. எதிரணிக்காரன் ஒருவன் பக் என்கிற அந்தக் கறுத்த ரப்பர் வட்டைச் சுவரோரம் வைத்துக்கொண்டு நின்றால், முழு வேகத்தில் போய் அவனோடு மோதவேண்டும். மோதினால் அவனும் விழுவான், இவரும் விழுவார். பக் வெளியே வரும், வேறு யாரோ அதைக் கொண்டுபோய் கோல் அடிப்பார்கள். இதுதான் வேலை. மேல் லீக்கிலிருந்து அவருக்கு ஒரே ஒரு தடவை அழைப்பு வந்தது, சில மட்சுகளுக்கு. அவருடைய அப்பா லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாராம். மகன் ஐஸில் நின்றது கொஞ்ச நேரம்தான், அதற்குள் சுவரோடு சேர்த்து அடி வாங்கிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா சொன்னாராம், “நல்லா விழுந்தாய். ஆனா உடன எழும்பீட்டாய்.” அப்பா இப்போது இல்லை. அந்த வார்த்தையைத்தான் என் கணவர் தன்னுடைய வெற்றிக் கிண்ணமாக வைத்திருந்தார்.

விருந்துகளில் அவர் சொல்லும் பகிடிக் கதை ஒன்று உண்டு. தலையில் அடிபட்டு வந்து பெஞ்சில் இருந்தால் அணியின் டொக்டர் குனிந்து கேட்பார்: ஸ்கோர் என்ன, எந்த ஊரில் நிற்கிறாய், இது எத்தனையாவது பகுதி. பதில் தெரியாவிட்டால் அன்றைக்கு வெளியேதான். அப்போது பக்கத்தில் இருக்கும் வரிசைக்காரன், முகத்தைத் துடைப்பதுபோலக் கையுறையை வாயில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பதிலைச் சொல்லிக்கொடுப்பான். இவர் அதைக் கேட்டு உரத்துச் சொல்லுவார். டொக்டர் தலையாட்டிவிட்டுப் போவார். நன்றி என்று வாயால் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. ஸ்டிக்கால் பக்கத்து ஆளின் காலில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இவரும் தன் வரிசையின் மற்ற இரண்டு பேருக்கும் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கதையின் முடிவில், கையை வாயில் வைத்து நடித்துக் காட்டுவார். கூடியிருந்த எல்லோரும் சிரிப்போம். நானும் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள், அரிசியைக் கழுவி, உள்ளுக்கு வைக்கும் சட்டி இல்லாமல், ரைஸ் குக்கருக்குள் நேரே கொட்டித் தண்ணீரும் ஊற்றினார். குசினி முழுக்கக் கருகிய மணம். “வேலைக் களைப்பு” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்து, என்றும் வருகிற வழியில் காரை ஓட்டிக்கொண்டு எங்கேயோ போய் நின்றுகொண்டு போன் எடுத்தார். சொல்ல வந்த சொல் வராமல் கையால் காற்றைப் பிசைந்தார். கோபமே தெரியாத மனிதர் ஒரு சின்ன விஷயத்துக்குக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். எறிந்துவிட்டு, அதை எறிந்தது யார் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பழைய ஒரு நிகழ்ச்சி ஞாபகம் வந்தது. தலையில் அடிபட்ட விளையாட்டுக்காரர்களுக்கு வயது போகமுதலே மூளை கரைந்துபோவதைப் பற்றி ரீவியில் பார்த்திருந்தேன். சனலை மாற்றியதும் நான்தான்.

நரம்பு டொக்டரிடம் போனோம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இவர் மறந்துகொண்டு போகிறாரா, இல்லையா? ஸ்கான் எடுத்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தி, சொற்களை ஞாபகம் வைக்கச் சொன்னார்கள், வடிவங்களைப் பார்த்துப் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். விளையாடிய காலத்தில் இதைப்போல ஏதாவது செய்ததுண்டா என்று டொக்டர் கேட்டார். உண்டு. ஒவ்வொரு சீசனும் தொடங்கமுதல் எல்லா ஆட்டக்காரரையும் இப்படி ஒரு சோதனை செய்ய வைப்பார்களாம். பிறகு தலையில் அடிபட்டால் திரும்பச் செய்வித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் விளையாட விடமாட்டார்கள். டொக்டர் எழுதிக் கேட்க, பழைய அணியும் அந்தச் சோதனை முடிவை அனுப்பிவைத்தது.

அடுத்த முறை போனபோது டொக்டர் சிரித்த முகத்தோடு இருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையாம். இளம் வயதிலேயே இந்த ஞாபகப் பயிற்சிகளில் இவர் கொஞ்சம் குறைவுதான், அது இவருடைய சுபாவம், ஸ்கானும் பரவாயில்லை, மனஅழுத்தமாக இருக்கலாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்றார். எழுந்து நின்று இவருக்குக் கை கொடுத்தார். நான் அந்த அறைக்குள் வைத்தே அழுதேன். காருக்குள் ஏறி, மாதாவே என்று நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் ரொறன்ரோவுக்குப் போன் போட்டு மாமியை நித்திரையால் எழுப்பினேன். “என்ரை பிள்ளைக்கு ஒண்டும் இல்லையாமோ? ஒண்டும் இல்லையாமோ?” என்று அவவும் அழுதா. அன்றைக்கு நான் இறால் பொரித்தேன்.

பொரித்துக்கொண்டு நிற்கும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

“இஞ்சாரும். ஒண்டு சொல்லோணும். கத்தக்கூடாது.”

“என்னப்பா?”

“அந்தப் பழைய டெஸ்ட். அது நான் வேணுமெண்டு பிழையாச் செய்தது.”

எனக்கு விளங்கவில்லை. அடுப்பை நிற்பாட்டினேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவங்கள். சீசன் தொடங்கேக்க நல்லாச் செய்தா, பிறகு அடிபட்டாப் பிடிபட்டுடுவம். முதலே குறைய எடுத்து வைச்சா, தலை சுத்தினாலும் அந்தளவுக்குச் செய்திடலாம். நாலாம் வரிசையில நிண்டுகொண்டு ஒரு கிழமை வெளிய இருக்கேலாது. இன்னொருத்தன் அந்த இடத்துக்கு வந்திடுவான்.”

“அப்ப உண்மையா உங்களுக்கு எவ்வளவு வந்திருக்கும்?”

“பள்ளிக்கூடத்தில நான் கெட்டிக்காரன்தானே” என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கத்தக்கூடாது என்றவர் நான் எப்படிப்பட்டவள் என்பதை மறந்துவிட்டார் போல. அயல் வீட்டு நாய் குரைக்கும் வரைக்கும் கத்தினேன். தன் நல்ல மூளையை மொக்கு மூளை என்று காட்டிவிட்டு வந்த மனிதர், இத்தனை வருடம் கழித்து அந்த மொக்கு மூளையின் அளவுக்கே இறங்கி வந்து நிற்கிறார். அதற்கு டொக்டர் எழுந்து நின்று கை கொடுக்கிறார், நான் இறால் பொரிக்கிறேன். பெஞ்சில் பதில் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு பேரையும் கண்ட இடத்தில் கன்னத்தில் அறைவேன் என்றேன். “அவங்கள் நல்ல பெடியள்” என்றார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

நாளைக்கே டொக்டரிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்றேன். மாட்டேன் என்றார்.

“சொன்னா வெளிய இருத்திப்போடுவாங்கள்.”

“ஆர் இருத்திறது? மட்ச் முடிஞ்சு எத்தினை வருஷம்!”

அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “காரில இருந்து. வேலையில இருந்து. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதில இருந்து.”

நான் அடுப்பை மறுபடி போடவில்லை. இறால் ஆறிப்போய்க் கிடந்தது.

சில கிழமைகள் இப்படியே போயின. ஒருவரோடு ஒருவர் கதைத்தோம், ஆனால் உப்பு, தேத்தண்ணி, வேலை என்பதற்கு மேல் போகவில்லை. நான் அவருக்குத் தெரியாமல் டொக்டருக்குச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அவர் வாயால் வந்தால்தான் அது அவருடையதாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மகள் எனக்குப் போன் எடுத்தாள். “மம், வேர் இஸ் டாட்?” மட்ச் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்களாம், மழை தூறுகிறதாம். நான் ஹோலுக்கு ஓடினேன். அவர் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளை எங்க?” என்று கேட்டேன். “அறைக்குள்ள” என்றார், மிகவும் சாதாரணமாக. அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் அவளுடைய அறைக் கதவைத் திறந்தார். கட்டிலைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். கூட்டிவந்ததாகவே அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. வழியில் என்ன கதைத்தார்கள் என்பதுகூட ஞாபகம் இருந்ததாம்.

திரும்பி வந்து கார்த் திறப்பை மேசையில் வைத்தார். “நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாரும். திங்கட்கிழமை டொக்டரிட்டப் போவம்.”

அவர் டொக்டரிடம் தலை குனிந்து சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டொக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்தான் நினைப்பார்கள், ஒருவன் தன்னைக் குறைத்துக் காட்டப் பாடுபடுவான் என்று. பழையதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இவருடைய வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தமுறை என்னையும் அறைக்குள் இருக்க விட்டார்கள். சில சொற்களைச் சொல்லி, வேறு வேலைகள் கொடுத்து, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் இரண்டைச் சொன்னார். மூன்றாவது வரவில்லை. அப்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும் அந்தச் சொல். நாற்காலி என்பதற்கான ஆங்கிலச் சொல், அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேரும் அதில்தான் இருந்தோம். நான் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலமும் எல்லோரும் சொல்லிக்கொடுத்துத்தான் இந்த மனிதரைக் கெடுத்தார்கள், நான் சொல்லிக்கொடுக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, “தெரியாது” என்றார்.

என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஓம், மறந்துகொண்டு போகிறார். விளையாட்டில் வாங்கிய அடிகள்தான் காரணமாக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும்போது அதை நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார் டொக்டர். கார் ஓடுவதை நிற்பாட்டவேண்டும். களஞ்சியத்தில் இயந்திரங்களோடு நிற்கக்கூடாது. அன்றைக்குக் குசினியில் என் கணவர் சொன்னது எல்லாம் நடந்தது, ஒன்று விடாமல். திரும்பும்போது நான் ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில் முழங்கால்கள் இடிக்க இருந்தார், அந்தப் பக்கத்தில் அவர் இருந்ததே இல்லை. வீட்டு வாசலில் காரை நிற்பாட்டியதும் சொன்னார்:

“அம்மாக்குச் சொல்லவேண்டாம்.”

“ஏனப்பா?”

“நான்தானே பிள்ளையை ஐஸில விட்டனான் எண்டு அழுவா. சாகுமட்டும் அதையே சொல்லி அழுவா.”

நாங்கள் சொல்லவில்லை. மாமியைப் பொறுத்தவரைக்கும் நடந்தது அந்த முதல் செய்தி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையால் வந்து, போனை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவவோடு கதைப்போம். அங்கே சனிக்கிழமை பின்னேரம். மாமிக்கு இப்போது வயது போய்விட்டது, கேட்டதையே கேட்பா. இவருக்கும் சொன்னதையே சொல்வதில் சிரமமில்லை. சில நாள்களாக அதுவும் தடுமாறுகிறது. போன ஞாயிறு மாமி வழமைபோலத் தொடங்கினா.

“பேத்தி இப்ப எத்தினையாம் வகுப்பு, தம்பி?”

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சிரித்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், அன்றைக்கு அந்த அறைக்குள் பார்த்த அதே பார்வை. போனுக்குள் மாமியின் முகம் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் கொஞ்சம் திறந்தபடி, அந்தப் படத்தில் இருப்பதுபோலவே.

நான் சேலைத் தலைப்பை எடுத்து, முகம் துடைப்பதுபோல வாயில் வைத்தேன்.

“பத்து” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“பத்து, அம்மா” என்றார் அவர், உரத்து.

“மத்தியானம் என்ன சமையல்?”

“மீன் குழம்பு.”

“மீன் குழம்பு, அம்மா.”

மாமி மகிழ்ந்துபோனா. “பாத்தீரே பிள்ளை, என்ரை பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்த டொக்டர் சொன்னது சரிதானே?” என்று என்னைக் கேட்டா.

“ஓம் மாமி, சரிதான்” என்றேன்.

மேசைக்குக் கீழே அவர் தன் காலால் என் காலில் ஒரு தட்டுத் தட்டினார்.